கார்பன் சீட் பில்லர் எவ்வளவு வளையலாம்?

பல்லடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எடை 82 கிலோ, உயரம் ஐந்தடி பத்தங்குலம். அலுமினியப் பிரேம். ரெண்டு மாசத்துக்கு முன்னால 27.2 கார்பன் சீட் பில்லர் போட்டேனுங்க. போன ஞாயித்துக்கிழமை கேத்தனூர்ப் பக்கம் போறப்ப பின்னால வந்த நண்பர் போன்ல வீடியோ எடுத்தார். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் சீட் அரை அங்குலம் பின்னால போயிட்டு வருது. கடையில கேட்டா, கார்பன்னா அப்படித்தானுங்க ஆடும்னு சொல்றாங்க. நெசமா எவ்வளவு வளையலாம்? பயப்படணுமா?"

பில்லர் (சீட்டைத் தாங்கிப் பிரேமுக்குள் இறங்கும் குழாய், 27.2 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம்) பிரேமுக்கு வெளியே 27 சென்டிமீட்டர் நிற்கிறது, சீட்டைப் பிடிக்கும் தலை 25 மில்லிமீட்டர் பின்தள்ளிய வகை, டயர் 25 மில்லிமீட்டர், காற்று 110 பிஎஸ்ஐ என்ற விவரத்தையும் எழுதியிருக்கிறார். எழுதியது நல்லதாகப் போயிற்று. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

தம்பி, கடையில் சொன்னதில் ஒரு சொல் மட்டும் தப்பு. கார்பன் வளையும், ஆடக்கூடாது. பட்டறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்வார்கள். வளைந்தது, பாரத்தை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். நூறு முறை அழுத்தினாலும் அதே அளவுதான் போகும், அதே அளவுதான் வரும். ஆட்டம் என்றால் எங்கோ பிடி விட்டிருக்கிறது, இல்லை எதுவோ கிழிந்திருக்கிறது. இன்று ஒரு நூல் அளவு இருப்பது அடுத்த மாதம் இரண்டு நூலாகும். ஆகவே "எத்தனை மில்லிமீட்டர்" என்பதோடு "போன மாதமும் இதே அளவுதானா" என்றும் கேட்க வேண்டும். நான் இரண்டாவது கேள்விக்குத்தான் அதிகம் பயப்படுவேன்.

சரி, முதலில் அளவு. கொரங்காட்டில் ஆடு மேய்ப்பவர்கள் வெள்வேலங்காய் உலுக்கும் தொரட்டியைப் பார்த்திருப்பீர்கள். நடுக்கம்பில் பிடித்து இழுத்தால் விறைப்பாக இருக்கும். அடிக்கட்டையில் பிடித்து இழுத்தால் நுனி வில்லாக வளையும். கம்பு அதே கம்புதான், பிடிக்கு வெளியே நிற்கும் நீளம்தான் மாறியது. இந்த நீளம் வளைவில் மும்மடிப் பெருக்கமாக வேலை செய்கிறது. வெளியே நிற்பது இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. உங்கள் பில்லர் 27 சென்டிமீட்டர் நிற்கிறது. பழைய மாதிரி பெரிய பிரேமில் 13 சென்டிமீட்டர் நிற்கும் அதே பில்லரோடு இதை ஒப்பிட்டால் எட்டொன்பது மடங்கு வளையத்தான் செய்யும். பின்னால் சரியும் மேல் குழாய் வைத்த இன்றைய பிரேம்கள் ஏன் சுகமாக இருக்கின்றன என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். கார்பன் என்ற பெயருக்குப் போகிற புகழில் கொஞ்சம் இந்த நீளத்துக்கும் போக வேண்டும்.

அடுத்தது விட்டம். சுவர் கனம் ஒன்றாக இருந்தால் விறைப்பும் விட்டத்தின் மும்மடியாக ஏறும். 31.6 பில்லர் 27.2-ஐவிட ஒன்றரை மடங்கு விறைப்பு. 25.4 இன்னும் கொஞ்சம் இளக்கம். நாலே நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் உட்காருகிறவருக்குத் தெரியும்.

இனி எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். சீட் குழாய் தரையோடு ஏறத்தாழ 73 பாகை சாய்வில் நிற்கிறது. உங்கள் எடை நேர் கீழே இறங்குகிறது. அதில் பத்தில் மூன்று பங்குதான் பில்லரைப் பின்னால் வளைக்கப் பயன்படும். மிச்சமெல்லாம் குழாயின் நீளவாக்கில் இறங்கிவிடும், அந்தத் திசையில் சாதாரணப் பில்லர் எதுவும் அசையாது. ஆக, பில்லர் அமுங்குவதில்லை, பின்னால் சாய்கிறது. தலை பின்தள்ளி இருந்தால் அந்த 25 மில்லிமீட்டர் ஒரு நெம்புகோலாகச் சேர்ந்து இன்னும் கொஞ்சம் சாய்க்கும். வீடியோவில் சீட் "பின்னால் போய்விட்டு" வந்ததாக எழுதியிருந்தீர்களே, கண்ணில் பட்டது சரிதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 82 கிலோ ஆளில் சீட்டில் இறங்குவது சுமார் 50 கிலோ. மிச்சம் பெடலுக்கும் ஹேண்டில்பாருக்கும் போய்விடும். 27.2 விட்டம், இரண்டரை மில்லிமீட்டர் சுவருள்ள அலுமினியக் குழாய் என்று வைத்துக்கொண்டால், 20 சென்டிமீட்டர் வெளியே நிற்கும்போது சும்மா உட்கார்ந்தால் தலை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகரும். உங்கள் 27 சென்டிமீட்டருக்கு அது ஒன்றே கால், ஒன்றரை. ஸ்பீடு பிரேக்கரில் பாரம் மூன்று மடங்காகத் துள்ளுகிறது என்று கொண்டால் நாலு மில்லிமீட்டர். கூடவே தலை ஒன்றரை பாகை போலத் திரும்புவதால் சீட்டின் பின்முனை மூன்று மில்லிமீட்டர் இறங்கும். சாதாரணக் கார்பன் பில்லரும் ஏறத்தாழ இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அரை அங்குலம் என்றால் 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கணக்கில் வருவது நாலு. மீதி எட்டு எங்கே? அதில் ஒரு பங்கு சீட்டுக்குச் சொந்தம். சீட்டுக்கு அடியில் ஓடும் 7 மில்லிமீட்டர்க் கம்பிகள் வளையும், மேல் ஓடு தூளி மாதிரி தொய்யும், உங்கள் கால்சட்டையின் பேடு அமுங்கும். இன்னொரு பங்கு வீடியோ எடுத்தவருக்குச் சொந்தம். ஓடுகிற சைக்கிளில் ஒரு கையால் போனைப் பிடித்து எடுத்த படத்தில் மில்லிமீட்டர் அளக்க முடியாது. இரண்டையும் கழித்தபின் பில்லர் தலை மட்டும் தனியாக எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்தால்தான் பேச முடியும்.

அதை அளக்க ஒரு வழி இருக்கிறது. அலுமினியக் கதவு செய்யும் கடையில் முக்கால் அங்குல ஆங்கிள் ஒரு துண்டு கேளுங்கள், முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூட. பழைய டியூபைக் குறுக்கே வெட்டி ரப்பர் பட்டைகள் எடுத்து, அந்த ஆங்கிளை சீட் குழாயின் பக்கவாட்டில் இழுத்துக் கட்டுங்கள். மேல் முனை பில்லரின் தலைக்குப் பக்கத்தில், பில்லரைத் தொடாமல் நிற்க வேண்டும். அந்த முனையில் ஒரு ஸ்கெட்ச் பேனாவை டேப் போட்டு ஒட்டி, அதன் நுனி பில்லரில் லேசாகத் தொடும்படி வையுங்கள். தொடும் இடத்தில் வெள்ளை டேப் ஒரு சுற்று. முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். ஒரு சின்னக் கோடு விழும். டேப்பை மாற்றிவிட்டு அதே ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். ஆங்கிள் தொடையில் இடிக்கும். கால் கிலோமீட்டர்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கோட்டின் நீளம்தான் விடை. டேப்பை உரித்துத் தேதி எழுதி ஒரு நோட்டில் ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே டயர், அதே காற்று, அதே ஸ்பீடு பிரேக்கரில் இன்னொரு கோடு எடுத்து, பழையதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

27 சென்டிமீட்டர் நிற்கும் சாதாரணப் பில்லரில் கோடு மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் வந்தால் நிம்மதியாக ஓட்டுங்கள். எட்டைத் தாண்டினால் பில்லர் எந்த மாடல் என்று பார்க்க வேண்டும். வேண்டுமென்றே வளையும்படி செய்த மாடலாக இருந்தால் அதுவும் சரி. அப்படி இல்லாத பில்லர் அவ்வளவு போகிறது என்றால் அதைக் கழற்றாமல் அடுத்த சவாரிக்குப் போகாதீர்கள். சும்மா உட்கார்ந்து எடுத்த முதல் கோட்டையும் கவனியுங்கள். இறங்கியபின் பேனா நுனி தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்திருக்க வேண்டும். வேறு இடத்தில் நின்றிருந்தால் பில்லர் வளையவில்லை, நழுவுகிறது.

கார்பன் என்றாலே இளக்கம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நூலை எந்தப் பக்கம் எத்தனை அடுக்குப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது. அலுமினியத்தின் மீள்மைக் குணகம், அதாவது பொருளின் விறைப்பு அளவு, 70 கிகாபாஸ்கல், எந்தத் திசையில் இழுத்தாலும் அதே 70. கார்பன் நூலைத் தனியாக எடுத்தால், டோரே நிறுவனத்தின் T700 வகையில், அது 230. ஆனால் பிசினோடு சேர்த்து எல்லாத் திசைக்கும் சமமாக அடுக்கினால் 50 பக்கம் இறங்கிவிடும். எல்லா நூலையும் நீளவாக்கில் போட்டால் 130 பக்கம் போகும். பில்லர் செய்கிறவர் இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறார். கிளாம்ப் இறுக்கும் இடம் நசுங்காமல் இருக்கக் குறுக்கு நூல் வேண்டும், அடி வாங்கத் தாங்க வேண்டும், அதனால் சுவரை மூன்று மில்லிமீட்டர், அதற்கும் மேலே கனமாக்குகிறார். கூட்டிக் கழித்தால் அலுமினியத்தின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. விலை மலிவான கார்பன் பில்லர் சில அலுமினியத்தைவிட விறைப்பாகவே இருக்கும். வெளியே பாய் முடைந்த மாதிரி பளபளக்கிறதே, அது பெரும்பாலும் மேற்பூச்சுக்கான ஓர் அடுக்கு. பாரம் தாங்குவது அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலே தெரியும் பிரிண்டைப் பார்த்தா துணியின் தரத்தைச் சொல்வீர்கள்?

வேண்டுமென்றே வளையும் பில்லர்கள் தனி ஜாதி. பாரிஸ்–ரூபே பந்தயத்தில் கருங்கல் பாவிய பழஞ்சாலைகளில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குலுங்க வேண்டும். அந்த மாதிரி சாலையை மனதில் வைத்துப் பிறந்தவை இவை. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தலையை வளைந்த கொக்கியாகச் செய்து 18 மில்லிமீட்டர் வரை இறங்கும் என்று சொன்னது. கேனியனும் எர்கானும் பில்லரை நெடுக்காக இரண்டு பட்டையாகப் பிளந்துவிட்டன. லாரியின் கமான் பட்டை மாதிரியே அது வேலை செய்கிறது. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி வளைவதால் சீட்டின் மூக்கு அதிகம் தூக்காது. ஜயண்ட் பின்பக்கத்தைத் தட்டையாக்கி, குறுக்குவெட்டை ஆங்கில D எழுத்தாக்கியது. ட்ரெக் 2012-இல் டோமானே என்ற மாடலில் பில்லரை விட்டுவிட்டுச் சீட் குழாயையே மேல் குழாயிலிருந்து பிரித்துச் சுழல வைத்தது. இந்த ஜாதிப் பில்லரில் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் போவது குறையே இல்லை, அதற்குத்தான் காசு கொடுத்தீர்கள். ஆனால் உட்கார்ந்ததுமே சில மில்லிமீட்டர் இறங்கிவிடும் என்பதால் சீட்டை அந்த அளவு உயர்த்தி வைக்க வேண்டும். நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் மிதித்தால் குதிரை மாதிரி துள்ளவும் செய்யும். எனக்கு அந்தத் துள்ளல் பிடிக்காது. பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உண்மையைச் சொல்லாவிட்டால் தப்பு. உங்கள் சுகம் பில்லரில் குறைவு, டயரில் அதிகம். நீங்கள் உட்கார்ந்ததும் பின் டயர் நாலைந்து மில்லிமீட்டர் அமுங்குகிறது, அதுவும் நேர் கீழே, அடி வருகிற திசையிலேயே. பில்லர் அதே நேரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர், அதுவும் பின்னால். இரண்டு ஸ்பிரிங் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் இளக்கமானதுதான் வேலையைச் செய்யும். 25 டயரில் 110 அடித்துவிட்டுப் பில்லரில் ஆயிரக்கணக்கில் செலவழிப்பது, கட்டாந்தரையில் படுத்துக்கொண்டு தலையணையை மாற்றுவது போல. பிரேமில் இடம் இருந்தால் 32 போட்டு 60 பக்கம் வையுங்கள். 28-க்குத்தான் இடம் என்றால் 75, 80 போதும். பல்லடம்–தாராபுரம் ரோட்டில் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து முகத்தில் அடிக்கும்போது குனிந்து சீட்டிலேயே ஒட்டிக்கிடப்போம், எழுந்து நின்று மிதிக்க மனம் வராது. அப்போது தெரியும் டயர் என்ன செய்கிறது என்று. தாத்தா காலத்து ஹெர்குலிஸில் பில்லர் இரும்புத் தடிதான், வளையவே வளையாது. தோல் சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங், கீழே கொழுத்த டயர். அதில் நெல் மூட்டை வைத்துக்கொண்டு மண் ரோட்டில் போனார்கள்.

இப்போது பயப்பட வேண்டிய விஷயம். கார்பன் பில்லர் உடைவது பெரும்பாலும் வளைந்ததால் நடப்பதில்லை. இறுக்கியதால் நடக்கிறது. சில வருடத்துக்கு முன் திம்பம் ஏறப் போனேன், பண்ணாரியிலிருந்து இருபத்தேழு கொண்டை ஊசி. அடிவாரத்திலேயே சீட் இறங்கிக்கொண்டே வந்தது. வியர்வை உள்ளே இறங்கியிருக்கும். கையில் ஆலன் கீ மட்டும்தான். ஒருமுறை இறுக்கினேன், நாலு வளைவு தாண்டி மறுபடி இறங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறுக்கினேன். அப்புறம் நழுவவே இல்லை. நான் திறமைசாலி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துப் பில்லரைக் கழற்றித் துடைக்கும்போது கையிலிருந்த பனியன் வேஸ்ட் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் நூல் வருகிறது, பனியன் நூல் இல்லை, கருப்பு நூல். கிளாம்ப் மேல் விளிம்பு உட்கார்ந்த கோட்டில் கால்வட்டத்துக்கு மயிரிழை விரிசல். சந்தேகத்துக்கு அந்த இடத்தை ஆக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். (முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.) வெளியே மயிரிழைதான், உள்ளே வாழைத்தண்டு உரிந்த மாதிரி அடுக்கு அடுக்காகப் பிரிந்து நின்றது. அதன்மேல் உட்கார்ந்துதான் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

அதனால் உங்கள் பில்லரைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கிளாம்ப் கோடு, "குறைந்தபட்சம் இதுவரை உள்ளே" என்ற குறி, அடி முனை, தலையில் கம்பியைப் பிடிக்கும் இடம். பனியன் வேஸ்டைச் சுற்றிப் பிடித்து மேலும் கீழும் ஓட்டுங்கள், எங்கும் மாட்டக்கூடாது. ஒரு ரூபாய்க் காசால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். "டிக், டிக்" என்று வருவது ஓரிடத்தில் மட்டும் "டொக்" என்று செத்துப்போனால் அங்கே அடுக்குப் பிரிந்திருக்கிறது. பில்லர்களுக்கான ஐஎஸ்ஓ 4210 சோதனையில் ஒரு லட்சம் முறை திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றுகிறார்கள். நல்ல பில்லர் வளைந்து வளைந்தே அதைத் தாண்டிவிடும். அங்கே யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவதில்லை.

திரும்பப் போடும்போது கிரீஸ் வேண்டாம். கார்பனுக்கென்று மணல் கலந்த மாதிரி நறநறவென்று ஒரு பேஸ்ட் வருகிறது, அதைப் பூசினால் குறைந்த இறுக்கத்திலேயே பிடிக்கும். இறுக்கம் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர். பில்லரிலோ கிளாம்பிலோ வேறு எண் அச்சிட்டிருந்தால் அதில் குறைந்ததை எடுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு மதிப்பு: 10 சென்டிமீட்டர் ஆலன் கீயின் நுனியில் ஐந்து கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவுதான். நாம் சாதாரணமாகக் கையால் இறுக்குவது அதைவிட எவ்வளவோ அதிகம். பிரேமின் வாயில் பிசிறு இருந்தால் நைஸ் எமரியால் தேய்த்துவிடுங்கள். உங்களுடையது அலுமினியப் பிரேம், உள்ளே கார்பன். இரண்டுக்கும் நடுவே நம் ஊர் வியர்வை இறங்கினால் அலுமினியம் அரித்து, பில்லர் உள்ளேயே கட்டிப்பிடித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் பிரேம் 31.6 ஆக இருந்து, யாராவது லேத்தில் ஒரு புஷ் (நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பும் குழாய்த்துண்டு) கடைந்து கொடுத்து 27.2 பில்லரை உள்ளே விட்டிருக்கிறார்களா? கோயமுத்தூரில் எதற்கும் புஷ் கடைந்துவிடுவோம், நானும் கடைந்திருக்கிறேன். அப்படியானால் அந்தப் புஷ்ஷின் நீளத்தைப் பாருங்கள். இரண்டு அங்குலத் துண்டு என்றால் பில்லரின் கீழ்முனை உள்ளே அந்தரத்தில் தொங்குகிறது. ஒவ்வொரு குழியிலும் அது நெம்பும், மேலே தலை அரை அங்குலம் போகும், வீடியோவில் நீங்கள் சொன்ன மாதிரியே தெரியும். புஷ் குறைந்தது பில்லரின் குறி வரை, அதாவது எட்டுப் பத்து சென்டிமீட்டர், முழு நீளத்துக்கும் தாங்க வேண்டும். மேல் விளிம்பு உருண்டையாக மழுங்கியிருக்க வேண்டும், பிளவு பிரேமின் பிளவோடு நேராக இருக்க வேண்டும். முதலில் இதைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்கெட்ச் பேனாவை எடுங்கள். கோட்டின் நீளத்தை எழுதுங்கள், மேலே பேசலாம். பழைய அலுமினியப் பில்லரை இப்போதைக்கு விற்க வேண்டாம்.